கோவிந்தா, இது பைபாஸ்!

பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும் சித்தூர்க்காரனுக்கு பைபாஸ் என்றாலே வயிறு கலங்கும். ஊருக்குள் வராமல் இருட்டில் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். என் மாமாவின் வயிற்றுக்குள்ளும் எடை குறைய அப்படி ஒரு பைபாஸ் போட்டார்கள். அந்தக் கதைக்கு முன்னால், இந்த ரோட்டை முதலில் போட்ட மகானுபாவர்களைப் பற்றிக் கொஞ்சம்.

1952-ல் ஸ்வீடனில் ஹென்ரிக்சன் என்ற டாக்டர், ஒரு பெண்மணியின் சிறுகுடலில் 105 செ.மீ. நறுக்கி எடுத்தார். மொத்தம் இருபது அடி இருக்கிறதே, மூணரை அடி போனால் என்ன என்ற தாராளம். நறுக்கியதைத் திரும்ப ஒட்டவா முடியும்? 1954-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமன், லின்னர் இருவரும் கொஞ்சம் விவரமானவர்கள். எதையும் தூக்கி எறியவில்லை. குடலின் மேல்பக்கத்தைக் கடைசிப் பக்கத்தோடு இணைத்துவிட்டு, நடுவில் இருப்பதைச் சும்மா கிடக்க விட்டார்கள். 1969-ல் பெய்ன், டிவிண்ட் என்ற ஜோடி அளவே குறித்துக் கொடுத்தது: மேலே 14 அங்குலம், கீழே 4 அங்குலம். இருபது அடிப் பயணம் ஒன்றரை அடியில் முடிந்தது.

எடை குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பஸ் வராத ஊரில் கடைத்தெரு என்ன ஆகும்? வைட்டமின் இறங்க ஸ்டாப்பே இல்லை. செரிக்காத கொழுப்பு கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, துணை இல்லாத ஆக்சலேட் சிறுநீரகத்தில் போய்க் கல்லாக உட்கார்ந்தது. சும்மா கிடந்த குடலைப் புறம்போக்கு என்று நினைத்துக் கிருமிகள் குடிசை போட்டன. சிலருக்கு மூட்டு வீங்கியது. சிலருக்குக் கல்லீரலே கைவிட்டது, உயிரும் போனது. கழிப்பறைக் கணக்கை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். கடைசியில் பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து பழைய ரோட்டிலேயே போக்குவரத்தை விட்டார்கள்.

இதற்கிடையே 1966-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் வேறு வழி பிடித்தார். அல்சருக்காக இரைப்பையில் பாதியை இழந்தவர்கள் இளைத்துக்கொண்டே போனார்கள். மற்ற டாக்டர்கள் பின்விளைவு என்று தலையில் அடித்துக்கொண்டதை இவர் வைத்தியம் என்றார். சின்னப் பை மாதிரி இரைப்பையை மேலே நிறுத்தி, நேரே குடலில் இணைத்தார். அல்சர்காரர்களின் இன்னொரு சொத்தும் கூடவே வந்தது: டம்ப்பிங். இனிப்பு இரைப்பையில் வரிசையில் நிற்காது, லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி குடலில் மொத்தமாக இறங்கும். அதைக் கரைக்க ரத்தத்திலிருந்து தண்ணீர் உள்ளே ஓடும். அப்புறம் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல்.

மாமாவுக்குப் போட்டதும் இந்த மேசன் ரோடுதான். ஆனால் சரித்திரம் எதுவும் அவருக்குத் தெரியாது. இனிப்பு ஆகாது என்று டாக்டர் கொடுத்த தாளில் எழுதியிருந்தது, அதைத் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். வேண்டுதல் முடித்து மலை இறங்கி, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பையைப் பிரித்தார். லட்டு ஒன்று 175 கிராம். முந்திரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக ஒதுக்கி, பிறகு அதையும் சாப்பிட்டு, விரலில் ஒட்டிய நெய்யையும் விடவில்லை.

பஸ் சந்திரகிரி தாண்டுவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்தது. நெஞ்சு திம் திம் என்று அடித்தது. அத்தை பயந்துபோய் "கோவிந்தா!" என்று கத்த, பஸ்ஸே சேர்ந்து "கோவிந்தா, கோவிந்தா!" என்றது. போனில் டாக்டரைப் பிடித்தோம்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே சாப்பிடலீங்க சார். பிரசாதம்தான்."

"எவ்வளவு?"

"ஒண்ணே ஒண்ணு."

கொஞ்சம் சாய்ந்து உட்காரச் சொன்னார். தணிந்தது. வீடு வந்து சேர்ந்ததும் அடுத்த ஆட்டம்: ஏறிய சர்க்கரையைத் துரத்தக் கிளம்பிய இன்சுலின் ஓவராகத் துரத்திவிட்டது. கைகால் நடுங்க, மறுபடி டாக்டர். சர்க்கரை தாழ்ந்திருக்கும், கொஞ்சம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள் என்றார்.

அத்தை அலமாரியைத் துழாவினார். "குளுக்கோஸ் இல்லீங்க சார். லட்டு இருக்குது."

கட்டிலில் சுருண்டு கிடந்த மாமா எழுந்து உட்கார்ந்தார்.