காயலாங்கடைக் கழுகு

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் உட்கார்ந்து ராணுவ விமானம் பற்றிப் பேச்செடுத்தால், பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் கட்டாயம் குறுக்கே பாய்வார். "1917லயே எங்க பிரெகே 14 அலுமினிய எலும்போட போய் ஜெர்மன்காரன் தலையில குண்டு போட்டுச்சு தம்பி. பாரீஸ் பக்கத்துல லெ பூர்ழே மியூசியத்துல இன்னிக்கும் நிக்குது. உங்க இங்கிலீஷ்காரன் என்னத்தக் கிழிச்சான்?" என்பார்.

பதில் டெல்லியில், பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இரண்டடுக்கு இறக்கையோடு நிற்கிறது. பெயர் வெஸ்ட்லேண்ட் வாப்பிட்டி. சொல்தாவிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சமான பதில்தான்.

முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ்காரன் கையில் டி.ஹெச்.9ஏ விமானத்தின் உதிரி பாகங்கள் மலைபோல் தங்கிவிட்டன. தூக்கிப்போட மனசு வரவில்லை. "புது விமானம் வேணும், ஆனா பழைய சாமானைப் போட்டுச் செய்" என்று கம்பெனிகளைக் கேட்டது அரசாங்கம். வெஸ்ட்லேண்ட் கம்பெனி பழைய இறக்கையை மாட்டி, மூக்கில் ஜூப்பிட்டர் என்ஜினைச் சொருகி, 1927 மார்ச்சில் பறக்கவிட்டது. அவசரத்தில் உடம்பில் 2 அடி விட்டுப்போனதென்று ஒரு கதை உண்டு. வால் பேச்சுக் கேட்கவில்லை என்றதும் பெரிய வாலாக வைத்துச் சமாளித்தார்கள். மணிக்கு 200 கி.மீ. சொச்சம் ஓடியது.

இந்த வண்டிக்கு வடமேற்கு எல்லையில் வேலை கொடுத்தார்கள். மலைக் கிராமத்துப் பட்டாணியர் தலையில் குண்டு போட வேண்டும். அவர்களிடம் விமானமே கிடையாது என்பதால் காயலாங்கடைச் சரக்கே போதுமானதாக இருந்தது. ஆனாலும் பேரரசுக்கு உள்ளூர உதறல். கீழே விழுந்தால் காட்டுவதற்கு விமானி பையில் ஒரு சீட்டு வைத்து அனுப்பினார்கள்: ஆளை உறுப்புக் குறையாமல் கொண்டுவந்து சேர்த்தால் பணம் உண்டு. எந்த உறுப்பு என்று இங்கே எழுதுவதற்கில்லை. படைக்குள் அந்தச் சீட்டுக்கு அதையே பெயராக வைத்திருந்தார்கள்.

1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப்படை காகிதத்தில் பிறந்தது. நமக்கென்று வெள்ளைக்காரன் எதைத் தள்ளிவிட்டிருப்பான் என்று சொல்லவும் வேண்டுமா? 1933 ஏப்ரல் 1, ஆமாம், முட்டாள்கள் தினத்தன்று, கராச்சி டிரிக் ரோட்டில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. சொத்து 4 வாப்பிட்டி. இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் படித்துவந்த இந்திய விமானிகள் ஐந்து பேர். கூடப் படித்த ஆறாமவருக்கு உயரம் போதாததால் சரக்குப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஐவரில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி 1954இல் விமானப்படைக்கே தலைவரானார். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே வருஷம்தான். கராச்சியில் ரிப்பன் வெட்டி இரண்டே நாளில், ஏப்ரல் 3 அன்று வாப்பிட்டியையே மாற்றிக் கட்டிய வாலஸ் என்ற பங்காளி விமானம் எவரெஸ்டுக்கு மேலேயே பறந்துவிட்டது.

அடுத்த போர் வந்ததும் இதே கிழட்டு வாப்பிட்டியை மெட்ராசுக்குக் கொண்டுவந்தார்கள். 1914இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனிடம் வாங்கிய அடி அந்த ஊருக்கு மறக்கவில்லை. பரங்கிமலையில் கரையோரக் காவல் பிரிவு அமைத்துக் கடலைக் கண்காணித்தார்கள். 1940இல் பாரீஸ் விழுந்தது. செப்டம்பரில் நம்ம புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் போன்வென், பிரிட்டனோடு நின்ற தெ கோல் பக்கம் சாய்ந்தார். சாயாமல் முரண்டு பிடித்திருந்தால் சோலை நகர் கடற்கரைக்கு மேல் வாப்பிட்டி வட்டமடித்திருக்கும். அப்போது பயந்திருக்க வேண்டியவர் கீழே வலை உலர்த்தியவர் அல்ல, மேலே ஓட்டியவர்.

அருங்காட்சியகத்தில் கிட்டே போய்ப் பாருங்கள். இறக்கை முழுக்கத் துணி. எலும்புக்கூட்டின்மேல் லினன் துணியை இழுத்துத் தைத்து, டோப் என்ற ஒருவகை வார்னிஷ் பூசி, முரசுத் தோல் மாதிரி விறைக்க வைப்பார்கள். முத்தியால்பேட்டையில் தறி ஓட்டிய பெரியவர்களிடம் இதைக் காட்டியிருந்தால் பாவு, ஊடை இரண்டையும் தடவிப் பார்த்து, நாலு குறை சொல்லி, மறு தடவை ஆர்டரை இங்கே கொடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

500க்கு மேல் செய்த வாப்பிட்டியில் பிரிட்டன் தனக்கென்று ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. முழு உருவில் இருப்பது பாலம் அருங்காட்சியகத்தில்தான். விமான நிலையத்துக்குப் பக்கம். டெல்லியில் உங்கள் விமானம் தாமதம் என்று அறிவித்தால், நாற்காலியில் தூங்காமல் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.