நாலு லாரி ட்யூபும் ஒரு கவர்னர் கால்வாயும்

ஆந்திர எல்லையிலிருக்கும் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்ற காலம். லாரி நிற்கிற இடத்தில் பஞ்சர் கடை இருக்கும். பஞ்சர் கடையில் பழைய ட்யூப் இருக்கும். பழைய ட்யூபும் கல்லூரி விடுமுறையும் ஒரே ஊரில் சேர்ந்தால் விபரீதம்தான். சென்னைக்குத் தண்ணீரிலேயே போவது என்று நாலு பேர் முடிவு செய்தோம். ஏழு கண் பாலத்தடியில் இறங்கி, பழவேற்காடு ஏரியைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, எண்ணூர் வழியாகப் பேசின் பிரிட்ஜ். மூன்று நாள். "ரயில்ல போனா ரெண்டு மணி நேரந்தானேடா" என்றவனைக் குழுவிலிருந்து நீக்கினோம். சைக்கிள் பம்ப் அவனிடம்தான் இருந்தது என்பதால் அன்று சாயங்காலமே சேர்த்துக்கொண்டோம்.

எங்கள் குலதெய்வம் ஜான் வெஸ்லி பவல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வலது கையைப் பறிகொடுத்தவர். 1869 மே 24 அன்று ஒன்பது ஆட்கள், நாலு படகு, பத்து மாதச் சாப்பாடு சகிதம் கொலராடோ ஆற்றின் பாலைவனப் பள்ளத்தாக்கை அளக்கக் கிளம்பினார். சாமான்களைப் படகுகளுக்குப் பங்கு பிரித்து ஏற்றிய புத்திசாலி, காற்றழுத்தமானிகளை மட்டும் மறதியாக ஒரே படகில் வைத்துவிட்டார். எந்தப் படகு முதலில் பாறையில் மோதி உடைந்தது என்று சொல்லவும் வேண்டுமா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் சிதிலத்துக்குப் போனார்கள். அங்கிருந்து ஒரே ஆரவாரம். கருவிகள் பிழைத்ததற்கு இவர்களுக்கும் இத்தனை சந்தோஷமா என்று பவல் பூரித்துப்போனார். அவருக்குத் தெரியாமல் ஏற்றியிருந்த விஸ்கிப் பீப்பாய் கிடைத்ததற்கான ஆரவாரம் அது! ஆகஸ்ட் 30-ல் பயணம் முடிந்தபோது மிச்சம் ஆறு பேர், இரண்டு படகு. பன்றிக்கறி கெட்டு, மாவு பூசணம் பூத்து, கடைசியில் காப்பி மட்டும்தான் தாராளம். கும்பகோணத்துக்காரர்கள் என்றால் அதிலேயே இன்னொரு மாதம் ஓட்டியிருப்பார்கள்.

எங்களுக்கு வாய்த்தது லாரி ட்யூப்தான். மடித்து முதுகில் போட்டுக்கொள்கிற ரப்பர் தோணி இப்போது கடையில் கிடைக்கிறது. அதன் பாட்டனாரை 1840-களில் உண்டாக்கியவர் பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட். ஊதினால் படகு, காற்றை இறக்கினால் மேலங்கி. கைத்தடி துடுப்பாகும், குடை பாயாகும். டிசம்பர் மழையில் வேளச்சேரிக்குப் போகிறவருக்கு வேறென்ன வேண்டும்? கடற்படை மெச்சியது, வாங்கவில்லை. படகைச் சுமந்துகொண்டு நடப்பது ஒன்றும் புதுசில்லை, ஒகேனக்கல்லில் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவரைக் கேளுங்கள்.

நாங்கள் நம்பிய கால்வாய்க்கும் ஒரு வம்சாவளி உண்டு. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியவர் பேசில் காக்ரன் என்ற காண்டிராக்டர். சென்னை வெயிலில் வெந்தது போதாதென்று, லண்டனுக்குத் திரும்பியும் நீராவிக் குளியல் நடத்தினார். பிறகு கால்வாய் தவணை முறையில் வடக்கே நீண்டது. தாது வருஷப் பஞ்சம் வந்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். பஞ்சக் கூலிகளை வைத்துத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து எட்டுக் கிலோமீட்டர் வெட்டினார்கள். மண் சுமந்தவர்களுக்கு எலும்பு மிஞ்சியது. கவர்னர் பக்கிங்காம் கோமகனுக்குப் பெயர் மிஞ்சியது.

உப்பும் சவுக்கு விறகும் இதில்தான் பட்டணத்துக்குப் போயின. 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்கு இதில் படகேறினார். அந்தப் படகைக் கயிறு கட்டி இழுத்தவர்களின் சிரமத்தை 'மாவலிபுரச் செலவு' என்று எழுதி வைத்தார். 1965, 66 புயல்கள் கால்வாயைத் தூர்த்துவிட்டுப் போயின. இந்தக் கடைசி வரி எங்கள் திட்டத்தில் இல்லை.

புறப்பட்ட அன்று ஒரு ட்யூபுக்குக் காற்றடிக்கவே முக்கால் மணி நேரம். நாலையும் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, மூன்று நாள் புளிச்சோற்றுத் தூக்கையும் குடிதண்ணீர் கேனையும் ஒரே ஓரத்தில் வைத்தோம். சுற்றிலும் உப்புத் தண்ணீர் அல்லவா, கேன்தான் எங்கள் காற்றழுத்தமானி. பாலத்தடியில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"மெட்ராசுக்கு, பெரியப்பா."

"ஏரில பாதி எடம் முட்டியளவுதான் தண்ணி. ட்யூபு உங்களத் தூக்காது, நீங்கதான் அதத் தூக்கினு போவணும்."

அந்த அளவுக்கெல்லாம் போகவில்லை. ட்யூபின் வால்வு பக்கத்துப் பலகை ஆணியில் உரச, புஸ்ஸென்று ஓர் ஓரம் சரிந்தது. புளிச்சோறு ஏரிக்குப் போனது. கேன் மிதந்துகொண்டே ஆந்திரா பக்கம் போனது. எங்களிடம் ஆரவாரம் செய்ய விஸ்கியும் இல்லை. மறுநாள் ரயிலில் போனோம்.

மூன்று ட்யூப் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. யாராவது கிளம்புவதாக இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றையும் தண்ணீரையும் மட்டும் ஒரே ஓரத்தில் வைத்துவிடாதீர்கள்.