பேய்க்கும் அயலட்டை வேண்டும்

கனடாவிலிருந்து வந்த மச்சானுக்கு ஓர் ஆசை. பேய் உலாவுகிற ஹோட்டலில் ஓர் இரவு படுக்க வேண்டுமாம். அங்கே தெருவோர மோட்டல்களில் பேய் இருந்தால் வாடகை கூடவாம்.

யாழ்ப்பாணத்தில் பேய்க்கு என்ன பஞ்சம்? புளியில் ஒன்று, பனை வடலியில் முனி, சுடலையடியில் இன்னும் சில. ஆனால் அவை எதுவும் அறை வாடகைக்கு விடுவதில்லை. கட்டில், குளியலறையோடு வேண்டுமென்றால் காரைநகர்க் கடற்கோட்டைதான். ஒல்லாந்தர் ஹமன்ஹீல் என்றார்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் எண்கோணக் கோட்டை. இன்று கடற்படை நடத்தும் ஹோட்டல். பொன்னாலைப் பாலம் தாண்டிப் போய்ப் படகேற வேண்டும்.

சாதகம் பார்த்தால் பேய்க்கு உரிய பத்துப் பொருத்தமும் அந்தக் கோட்டைக்கு உண்டு. கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, சுற்றிவரக் கடலிருந்தும் குடிக்கத் தண்ணீரில்லாமல் சரணடைந்தார்கள். பிறகு அது சிறையானது. ஆங்கிலேயர் காலத்தில் தொற்றுநோயாளரையும் அங்கே ஒதுக்கி வைத்தார்கள். 1971 கிளர்ச்சிக்குப் பின் கைதிகள் வந்தார்கள். கிளர்ச்சித் தலைவர் றோகண விஜயவீர இருந்த இடமென்று ஓர் அறையைக் காட்டுகிறார்கள். தாகம், நோய், சிறை, புரட்சி! ஒரு பேய்க்கு இதைவிட என்ன சீதனம் வேண்டும்?

அங்கேயே ஓர் இரவு தங்கினோம். நடுச்சாமத்தில் மச்சான் போனைப் பதிவில் போட்டுவிட்டு, "யாரும் இருக்கிறீங்களோ?" என்றார்.

"தமிழில கேட்டா ஒல்லாந்துப் பேய்க்கு விளங்குமே?" என்றேன்.

ஆங்கிலத்தில் கேட்டார். போர்த்துக்கேயப் பேய் கோவிக்கலாம். சிங்களம் எங்கள் இருவருக்கும் ஓடாது. இந்த நாட்டில் பேயோடு பேசவும் மொழிப் பிரச்சினை! விடியப் பதிவைப் போட்டுக் கேட்டால் காற்று, அலை, மச்சானின் குறட்டை.

ஆச்சி கேட்டுவிட்டுச் சிரித்தா. "கடலுக்க நிண்டு பேய் ஆரையடா மோனை பிடிக்கும்? பிடிச்சாலும் கழிப்புக் கழிக்க அங்க முச்சந்தி இருக்கே?"

ஆச்சி சொன்னது சரி. எங்கள் ஒழுங்கைப் புளியில் பேயைக் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் கண்டவரின் மச்சாளைத் தெரிந்தவர்கள் ஊர் நிறைய உண்டு. பேய் உயிரோடிருப்பது அவர்கள் வாயில்தான். கோட்டையிலோ வந்தவர்கள் எல்லாம் தோற்றோ, மாற்றலாகியோ, விடுதலையாகியோ போய்விட்டார்கள். வேலிக்கு மேலால் கதை சொல்ல ஓர் அயலட்டை இல்லை. இத்தனை நூற்றாண்டு சரித்திரமும் ஒரு பேயை வளர்க்கப் போதவில்லை.

போன கிழமை ஸ்காபரோவிலிருந்து மாமி எடுத்தா. "தம்பி, அந்தக் கோட்டையில சங்கிலிச் சத்தம் கேட்டதாமே? இஞ்ச கோயிலில எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்."

கடற்கோட்டைக்கும் கடைசியில் ஒரு பேய் கிடைத்துவிட்டது. குடியிருப்பு மட்டும் கனடாவில்.