நெரிசல் நீச்சல் புறப்பாடு: முத்துச் சலாப நோக்கில் ஓர் ஆய்வு

சிக்கல்: நெடுந்தூர ட்ரையத்லான் 3.8 கிலோமீட்டர் நீச்சலில் தொடங்குகிறது. 1978இல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் இறங்கியவர் 15 பேர். கடல் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வெடிச்சத்தத்துக்குப் பாய்ந்தனர். முன்னவர் குதிகால் பின்னவர் மூக்கைச் சந்தித்தது. வல்லுநர் அறிவுரை: ஓரமாக நில்லுங்கள், சில நொடி பொறுங்கள், தலைதூக்கி மிதவையைப் பாருங்கள். கல்யாண வீட்டு முதல் பந்திக்கும் இது பொருந்துமா என்பது தனி ஆய்வுக்குரியது.

கருதுகோள்: மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, அதாவது சலாபம், இச்சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது.

சான்று 1: இலங்கைச் சலாபத்தை விவரித்த ராபர்ட் பெர்சிவலின் நூல் (1803) காட்டும் முறை இது: இரவு பத்து மணிக்கு வெடி, கரைக்காற்றில் படகுகள் கிளம்பும், விடிந்த பிறகே குளிப்பு. வெடி படகுக்கு, உடம்புக்கல்ல. ஆள் நீரைத் தொடுமுன் கூட்டம் கடலெங்கும் பரவிவிடும்.

சான்று 2: படகுக்குக் குளியாளிகள் பத்து, கற்கள் ஐந்து. ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாறுவார். பாதி நெரிசல் எப்போதும் படகிலேயே உட்கார்ந்திருக்கும்.

சான்று 3: குளியாளி கல்லில் கால் வைத்து நேர்கீழாக இறங்குகிறார். அவர் குதிகாலுக்கு எதிரே சிப்பி உண்டு, மூக்கில்லை.

சான்று 4: சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டக் கடல்கட்டி இருந்தார். கூலி இருபதில் ஒரு பங்கு என்கிறார் மார்க்கோ போலோ. திருட்டுக் குளிப்பைத் தடுக்க, இரவில் மந்திரத்தை அவிழ்த்தும் விடுவார்களாம். வெடிக்கு முன்பே நழுவும் போட்டியாளருக்கும் இது போதும்.

மறுப்பு: நேர்கீழாக இறங்கினால் தூரம் எப்படிக் கழியும்?

விடை: குளிக்கும் ஆழம் பத்துப் பாகம் என்று கொண்டால் ஏறத்தாழ 18 மீட்டர், போய்வர 36. ஆக, 106 முழுக்கில் 3.8 கிலோமீட்டர் முடிந்துவிடும். நாளுக்கு நாற்பது, ஐம்பது முழுக்கு என்பது பெர்சிவல் கணக்கு. எனவே நீச்சல் மூன்றாம் நாள் நிறைவுறும்.

பரிந்துரை: தூத்துக்குடியில் 1961க்குப் பின் சலாபம் கூடவில்லை, முறை சும்மாதான் கிடக்கிறது. அயர்ன்மேன் தன் 2 மணி 20 நிமிடக் கெடுவை மூன்று நாளாக்கினால் போதும். பதிவுக் கட்டணம் கட்ட ஒருவரும் வரமாட்டார். நெரிசல் அடியோடு தீரும்.