கம்பிக்குப் பூச்சூட்டல்

2024-இல் ஊட்டி தாவரவியல் பூங்காவில் 126-வது மலர்க் கண்காட்சி. நீலகிரியின் பெருமையை எப்படிக் காட்டுவது என்று தோட்டக்கலைத் துறை மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது. கடைசியில் கண்டுபிடித்தது: டிஸ்னி வேர்ல்ட். லட்சம் பூக்களைக் கம்பிக்கூட்டில் செருகி, புளோரிடாவை மலையேற்றிவிட்டார்கள். கூடவே ஒரு பூ ரயிலும். நிஜ மலை ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் இதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

1896-இல் துரைமார் காலத்தில் தொடங்கிய விழா. சீமைப் பூவுக்கு அவர்கள் ஏங்கியதிலாவது ஒரு நியாயம் உண்டு. நமக்கு என்ன ஏக்கம்?

குறிஞ்சிக்கு இங்கே வேலையில்லை. 2018-இல் பூத்தது, இனி 2030. மே மாதம், மந்திரி வரும் தேதி என்றெல்லாம் அதற்குக் கவலை கிடையாது. கார்னேஷன் அப்படியல்ல. சொன்ன நாளில் மலரும். செருகிய இடத்தில் நிற்கும். அரசு உத்தியோகத்துக்கென்றே பிறந்த பூ.

பிறகு சுழற்கோப்பைகள். அழகான தோட்டத்துக்கு ஒன்று, அலங்காரத்துக்கு ஒன்று. மேடை நிறையக் கோப்பை, மாலை, பொன்னாடை.

இந்த மலையின் சொத்து சோலையும் புல்வெளியும். அந்தப் புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி, தோல் பதனிடச் சீகை மரமும், ரேயான் ஆலைக்குத் தைல மரமும் நட்டது யார்? அரசாங்கம். இன்று அவற்றை அந்நிய மரம் என்று அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போடுகிறது. நட ஒரு செலவு. வெட்ட ஒரு செலவு. இரண்டுக்கும் பணம் நம்முடையது. அதைக் கேட்டால் உங்களுக்கு ரசனை போதாது என்பார்கள்.

மலை தாங்காது, வண்டிகளைக் கட்டுப்படுத்துங்கள் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. 2024 மே 7-இல் இ-பாஸ் வந்தது. மே 10-இல் கண்காட்சி திறந்தது! கூட்டம் நன்றாக வருகிறது என்று நாளையும் நீட்டினார்கள். ஒரு கை கேட்டைச் சாத்துகிறது. மறு கை தண்டோரா போடுகிறது. சம்பளம் இரண்டு கைக்கும் ஒரே கஜானாவிலிருந்து. அந்தக் கூட்டம் போன பிறகு குடத்தோடு வரிசையில் நிற்கிறவன் ஊட்டிக்காரன்.

பூங்காவுக்கு மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருக்கிறது. தோடர் கோயிலுக்குக் கூரை வேயக் காட்டுப்புல் வேண்டும். புல்வெளிகள் சீகைக் காடாகிவிட்டதால், ஒரு கட்டுப் புல்லுக்கு எங்கெங்கோ அலைகிறார்கள். கீழே, பூங்காவின் புல்தரையில் சீசனுக்கு முன்னால் யாரும் கால் வைக்கக்கூடாது. புல்லைக் காப்பாற்றுகிறார்களாம்.