அருவிக்குச் சட்டை போட்டுப் போன மகன்

மஸ்கட்,
வெள்ளிக்கிழமை இரவு.

அம்மைக்கு,

போனில் கேட்ட கேள்விக்கு மகன் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. "ஏ மக்கா, மணல்காட்டுல எவன் அருவி கொண்டு வச்சான்? எங்கயாம் ஓட்டல்ல குளிச்சிட்டு படம் அனுப்புதியா?" என்று அம்மை கேட்டதும், பக்கத்தில் நின்ற சித்தி சிரித்தது மஸ்கட் வரை கேட்டது. அதனால்தான் விவரமாக எழுத உட்கார்ந்திருக்கிறான். 'நான், நான்' என்று எழுதினால் மூன்றாவது வரியிலேயே அம்மை கண்ணைத் துடைக்கத் தொடங்குவாள், வாசிக்கிற தங்கச்சிக்கு மேற்கொண்டு ஓடாது. ஆகவே பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற மாதிரி 'மகன்' என்றே எழுதுகிறான். யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை என்று வைத்துக்கொண்டு கேட்கவும்.

அருவி இருக்கிற இடம் வாதி ஷாப். மஸ்கட்டிலிருந்து சூர் போகிற பெரிய ரோட்டில், சுமார் 140 கிலோமீட்டர், திவி என்ற ஊருக்குப் பக்கம். ஒரு கையில் கடல், மறு கையில் மலை. வழியில் குரியாத் என்று ஓர் ஊர் வரும். 2018 ஜூன் 26-ஆம் தேதி அந்த ஊரில் ராத்திரியும் சேர்த்து ஒரு நாள் முழுக்க வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. இவ்வளவு சூடான ராத்திரி அதுவரை உலகத்தில் எங்கும் பதிவானதில்லை என்று அப்போது எழுதினார்கள். மே மாதம் திண்ணையில் படுத்துக்கொண்டு காற்றைத் திட்டுகிற அப்பாவிடம் இந்த எண்ணை மட்டும் தனியாக வாசித்துக் காட்டவும்.

அம்மை நினைக்கிற மணல்காடு இன்னும் உள்ளே தள்ளிப் போனால் வரும். இந்தக் கடலோரம் முழுக்கக் கல்மலை, ஹஜர் மலை என்று பேர். பச்சை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. என்றைக்கோ பெய்கிற மழையைச் சுண்ணாம்புப் பாறை குடித்து வைத்துக்கொள்கிறது. அடியில் எங்காவது வெடிப்பு கண்ட இடத்தில் ஊற்றாகக் கசிய விடுகிறது. மலையைப் பிளந்துகொண்டு போகிற வறண்ட ஆறுகள்தான் வாதிகள். ஊற்று வாய்த்த வாதியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு. ஷாப்புக்கு அந்த யோகம்.

வெயில்காலம் கழிந்துவிட்டதால் ஆபீசில் கூட வேலை பார்க்கிற இரண்டு மலையாளிகள் சேர்ந்து ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தார்கள். கூட வந்தவர்கள் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மன் தம்பதியும். இதைக் கேட்டு அப்பா என்ன சொல்வார் என்று மகனுக்குத் தெரியும். சிவராத்திரிக்குக் கோயில் கோயிலாக ஓடும்போது, திருமலையில் விசிறியைக் கையில் எடுத்தால் திருநட்டாலத்தில் கீழே வைக்கிற மனிதர். அவருடைய பிள்ளை முக்கால் மணி நேர நடைக்குக் காசு கொடுத்து ஆள் வைத்திருக்கிறான். அப்பாவுக்கு வழி காட்டியது முன்னால் ஓடினவனின் முதுகு. அதற்கு யாரும் ரசீது போடவில்லை.

முதலில் ஒரு படிவம். இதய நோய் உண்டா, தலைசுற்றல் உண்டா, நீந்தத் தெரியுமா, அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்? கடைசிக் கேள்விக்கு மகன் அம்மையின் நம்பரை எழுதினான். எழுதின பிறகுதான் யோசனை வந்தது. முன்பின் தெரியாத அரபிக் குரல் ஒன்று "ஹலோ" என்றால், "எனக்கு லோன் ஒண்ணும் வேண்டாம்" என்று அம்மை போனை வைத்துவிடுவாள். கீழே மேனேஜர் நம்பரையும் சேர்த்து எழுதினான்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நீந்தத் தெரியும் என்ற கட்டத்தில் டிக் போட்டால் ஜாக்கெட்டிலிருந்து விடுதலை என்று மகன் நினைத்தான். இரண்டு நெத்துத் தேங்காயைச் சேர்த்துக் கட்டி, மாமா அவனைக் குளத்தில் தள்ளிவிட்டபோது அவனுக்கு என்ன வயது என்று அம்மைக்குத் தெரியும். அந்த வாரமே தேங்காயை அவிழ்த்து எறிந்ததும், பிறகு சுசீந்திரம் பாலத்திலிருந்து பழையாற்றில் தலைகீழாகச் சாடி அடி வாங்கியதும் தெரியும். வழிகாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. நல்ல பையன்தான், ஒமானி, கடைகளில் கேட்டுப் பழகிய மலையாளம் தண்ணீராகப் பேசுகிறான். "சேட்டா, நீந்தல் அறியாமோ?" என்றான். "அறியாம்" என்றான் மகன். "நல்லது" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினான். தெரிந்தவனும் போட வேண்டும், தெரியாதவனும் போட வேண்டும். சட்டம் அப்படி.

இந்தச் சட்டையில் நியூட்டன் கணக்கு உண்டு. 50 நியூட்டன் என்றால் நீந்தத் தெரிந்தவனுக்கு, கைத்தாங்கல் அளவுக்கு. 100 என்றால், அமைதியான தண்ணீரில் ஆள் மயங்கிக் கிடந்தாலும் முகத்தை மேலே திருப்பிப் போடப் பார்க்கும். 150, 275 எல்லாம் நடுக்கடல்காரர்களுக்கு. மகனுக்குக் கிடைத்தது 100. அளவு எடுப்பது உயரத்தை வைத்து இல்லை, எடையை வைத்து. பையன் எடையைக் கேட்டான், மகன் ஓர் எண்ணைச் சொன்னான். பையன் அவனை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு அதற்கு அடுத்த பெரிய அளவை எடுத்தான். "அங்க ஒழுங்கா சாப்பிடுதியா மக்கா" என்று வாராவாரம் கேட்பதை அம்மை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

பெரிய ரோட்டின் பாலத்துக்கு அடியில் காரை நிறுத்திவிட்டுப் படகில் ஏற வேண்டும். அக்கரை கூப்பிட்டால் கேட்கிற தூரம். போக வர ஒரு ரியால். அம்மை இதற்குள் ரூபாயாக மாற்றியிருப்பாள்: இருநூறுக்கு மேல். அதே அம்மையை நம்மூர்ப் படகு கடலுக்குள்ளே கொண்டுபோய் விவேகானந்தரைக் காட்டித் திரும்பவும் கொண்டுவந்து விடும். இங்கே உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்வதற்குள் இறங்கச் சொல்கிறார்கள். படகிலும் ஜாக்கெட். அது நியாயம். இறங்கி நடக்கும்போதும் ஜாக்கெட்! கழற்றிக் கையில் பிடித்தால் எங்காவது வைத்து மறந்துவிடுவார்களாம். ஆக, மழையே காணாத மலையிடுக்கில், காய்ந்த கூழாங்கல் மேல், முங்கிப் போகாமல் பத்திரமாக நடந்தான் உங்கள் மகன். எதிரே வந்த ஆடு ஒன்று நின்று பார்த்தது.

பாதை முதலில் தோட்டங்களுக்கு நடுவே போகிறது. பேரீச்சை, இடையிடையே வாழை. வாழையைக் கண்டதும் மகன் நின்றான், குலை நம்மூர் மட்டிப்பழம் இல்லை, நடந்தான். பிறகு இரண்டு பக்கமும் பாறை எழும்பி வானத்தை ஒரு வாய்க்கால் அகலத்துக்குக் குறைத்துவிடுகிறது. பாறையின் இடுப்பில் நிஜமாகவே ஒரு வாய்க்கால் கூட வருகிறது. ஃபலஜ் என்கிறார்கள்.

அப்பா இந்த இடத்தைக் கவனமாகக் கேட்கவும். ஊற்றுத் தண்ணீரை மலையிலிருந்து சரிவு கணக்குப் பார்த்து, பம்ப் இல்லாமல், தோட்டம் வரை இறக்கிக் கொண்டுவருகிற வேலை இது. இந்த நாட்டில் இப்படி ஆயிரக்கணக்கில் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தண்ணீரை அளப்பது குடத்தால் இல்லை, நேரத்தால். ஏறக்குறைய அரை மணி நேரம் ஓர் அதர். பகலில் நட்டுவைத்த கம்பின் நிழலையும் ராத்திரியில் நட்சத்திரத்தையும் பார்த்து, இன்னாருக்கு இத்தனை அதர் என்று மடை மாற்றிவிடுவது வழக்கம். அதைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஒரு ஆள். குடிக்க எடுப்பதற்குக் கணக்கு இல்லை. வயலுக்கும் தோட்டத்துக்கும்தான் கணக்கு.

என்றைக்கோ மழை பெய்கிற நாட்டுக்காரன் தண்ணீரை இப்படிக் காக்கிறான். ஐப்பசி, ஆனி இரண்டு மழையும் வாங்குகிற நம் ஊரில், போன வாரம் பெரியப்பா அனுப்பிய படத்தில், மகன் நீந்தப் படித்த குளத்துக்குக் குறுக்கே மண்ணடித்து நான்கு வழிச் சாலை ஏறி நிற்கிறது. மிச்சக் குளத்தில் ஆகாயத்தாமரை. பெரியப்பா கீழே "முன்னேற்றம்" என்று எழுதியிருக்கிறார். நாகர்கோவில் சந்திப்பில் நெரிசல் குறையும், அது உண்மை. ஆனால் மறுகால் எந்த வழியாகப் பாயும் என்று யாரும் கேட்டார்களா? ஊரில் இருக்கும்போது எந்தக் கூட்டத்துக்கும் போகாதவன் மஸ்கட்டில் இருந்துகொண்டு கேள்வி கேட்கிறான் என்று பெரியப்பா சொல்வார். சொல்லட்டும்.

முக்கால் மணி நேரத்தில் குளங்கள் தொடங்குகின்றன. தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம், சுண்ணாம்புப் பாறையின் வேலை. பையைப் பாறையில் வைத்துவிட வேண்டியதுதான், அதற்கு மேல் நீச்சல். கால் வைத்ததும் விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் கூட்டமாக வந்து பாதத்தைக் கொத்தின. மஸ்கட் மால்களில் இதே போன்ற மீனைத் தொட்டியில் விட்டு, கால் கொடுக்கக் காசு வாங்குகிறார்கள். ஜெர்மன் அம்மாளின் காலை மீன்கள் சீண்டவில்லை. மகனிடம் நல்ல கூட்டம்.

நூறு நியூட்டனில் நீந்த முடியாது, மிதக்கத்தான் முடியும். கவிழ்ந்து கை வீசினால் சட்டை மகனைப் புரட்டி மல்லாக்கப் போட்டது. மறுபடி கவிழ்ந்தான், மறுபடி புரட்டியது. மயங்கிவிட்டான் என்று அது முடிவு செய்துவிட்டது போல. சரி என்று மல்லாந்தபடியே, வானத்தைப் பார்த்துக்கொண்டு, காலால் தள்ளிக்கொண்டு போனான். தலை இரண்டு தடவை பாறையில் முட்டியது. பழையாற்றுச் சேக்காளிகள் யாரும் அங்கே இல்லாதது கடவுள் செயல்.

கடைசிக் குளத்தின் முடிவில் பாறைச் சுவர். அதில் ஒரு வெடிப்பு. தண்ணீருக்கு மேலே ஒரு தலை நுழைகிற அளவுக்குத்தான் இடம். அதற்குள்ளே நீந்திப் போனால் குகை, குகைக்குள் அருவி. நர்ஸ் நுழைந்தாள். மலையாளிகள் நுழைந்தார்கள். ஜெர்மன் தாத்தா பக்கவாட்டில் திரும்பி, ஒரு பழக்கமான ஆளைப் போல, வழுக்கிக்கொண்டு உள்ளே போனார். மகனின் தலையும் போனது. சட்டையின் கழுத்துப் பட்டை போகவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. "கழற்றிவிடட்டுமா?" என்று கேட்டான். "தண்ணீருக்குள் கழற்றக் கூடாது" என்றான் பையன். "அப்படியானால் கரைக்குப் போய்க் கழற்றுகிறேன்." "கரையில் கழற்றினால் தண்ணீரில் இறங்கக் கூடாது." சட்டையில் ஆபத்துக்கு ஊத ஒரு விசில் கட்டியிருந்தது. ஊதலாமா என்று மகன் யோசிப்பதற்குள், பையன் வெளியிலிருந்து தோளை அமுக்க, நர்ஸ் உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுக்க, ஆள் வெளிவந்தான். பிரசவ வார்டில் வேலை பார்ப்பவளாம்.

அருவி நிஜமாகவே இருக்கிறது அம்மா. மேலே ஒரு பொத்தல் வழியாக வெளிச்சம் இறங்குகிறது, அதன் கீழே தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. நம்மூர்த் திற்பரப்பு அருவியின் அகலம் இல்லை, எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிற கூட்டம் இல்லை, மிளகாய் பஜ்ஜி வாசம் இல்லை. ஆனாலும் அருவி. அடியில் போய்த் தலையைக் கொடுத்தான். விழுந்த தண்ணீரில் பாதியைக் கழுத்துப் பட்டை வாங்கிக்கொண்டது.

பக்கத்தில் ஏறிச் சாட ஒரு கயிறு தொங்குகிறது. 2012-இல் ரெட் புல் நிறுவனம் உலகப் பாறைச்சாடல் போட்டியின் கடைசிச் சுற்றை இந்த வாதியில்தான் வைத்தது. கேரி ஹன்ட் என்ற ஆங்கிலேயர் அந்த ஆண்டின் பட்டத்தை வென்றார். அந்த ஆட்கள் சாடுகிற உயரம் சுமார் 27 மீட்டர், சட்டையும் கிடையாது. இதை மகன் வழிகாட்டியிடம் எடுத்துச் சொன்னான்.

பையன் உடனே பதில் சொல்லவில்லை. திரும்பி வந்து பாறையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருக்கும்போது சொன்னான். 2024 ஏப்ரலில் பெய்த மழையில் நாட்டின் வேறொரு பக்கம் வாதி வெள்ளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலர் போய்விட்டார்கள். 2007-இல் கோனு புயல் இந்தக் கரையை அடித்தபோது அவன் சின்னப் பையன். மழை இங்கே பெய்ய வேண்டும் என்பதில்லை, மலைக்கு மேலே எங்காவது பெய்தால் போதும். நிமிஷத்தில் தண்ணீர் வரும், அப்போது நீச்சல் தெரிந்தவன், தெரியாதவன் என்று பார்க்காது. மகன் அவனிடம் நம்மூர்க் கடலை அடித்த ஒக்கி புயலைப் பற்றிச் சொன்னான். அதில் போன தூத்தூர், சின்னத்துறை மீனவர்கள் நீந்தத் தெரியாதவர்களா? பையன் எத்தனை பேர் என்று கேட்டான். மகன் வேறு பேச்சுக்குப் போனான்.

பொழுது சாய்ந்தால் படகு நின்றுவிடும் என்பதால் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்கள், அப்போதும் ஜாக்கெட். மஸ்கட் வந்து சேர ராத்திரி ஆயிற்று. வழியில் ஒரு மலையாளிக் கடையில் கஞ்சியும் பயறும். மரச்சீனிக் கிழங்கு தீர்ந்துவிட்டது என்றான் கடைக்காரன். அந்த ஒரு வார்த்தையில் மகனுக்கு அன்றைய குளியல் முழுக்க இறங்கிப் போயிற்று.

கும்பப்பூ நடவு முடிந்ததா, கடைமடைக்கு வெள்ளம் ஏறிற்றா என்று அப்பாவை எழுதச் சொல்லவும். 'ஏறியது' என்று ஒரு சொல்லில் முடிக்க வேண்டாம், எத்தனை நாள் வந்தது, யார் அடைத்தார்கள் என்று வேண்டும். சித்தப்பா மகன் அடுத்த மாதம் வரும்போது ஏத்தங்காய் சிப்ஸ் கொடுத்துவிடவும். சாளைக் கருவாடு வேண்டாம். போன தடவை கொண்டுவந்தவனோடு அறையில் யாரும் ஒரு வாரம் பேசவில்லை.

விசிட் விசா எடுக்கட்டுமா என்று மகன் கேட்டதற்கு அம்மை இன்னும் பதில் சொல்லவில்லை. வந்தால் படகில் ஏற்றி, தோட்டம் முடிகிற இடம் வரை நிழலிலேயே கூட்டிப்போகலாம், நீந்த வேண்டியதில்லை. படிவத்தில் வயதைக் குறைத்துச் சொன்னாலும் பரவாயில்லை. எடையை மட்டும் உள்ளபடி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மகன்