அப்பா யாரை முட்டாள் என்றார்?

‘நான் சென்று வந்த சுற்றுலா’ என்று தலைப்புக் கொடுத்தால், முதல் வேலையாகச் சுற்றுலாவை மறந்துவிடுங்கள். ‘மனித வாழ்வில் பயணம் இன்றியமையாதது’ என்று முன்னுரையைத் தொடங்கினால் பேருந்து கிளம்புவதற்குள் ஒரு பக்கம் நிறையும். மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் முடிவுரைக்கு நேரமாகிவிடும். ‘இனிதே வீடு திரும்பினோம்’ போதும். பக்கத்து சீட்டுக்காரன் உங்கள் புதுச்சட்டைமேல் வாந்தி எடுத்ததை மட்டும் எழுதிவிடாதீர்கள். திருத்துகிறவர் விழித்துக்கொள்வார்.

கட்டுரைக்குள் யாராவது பேசியே தீருவேன் என்று அடம்பிடித்தால் செந்தமிழில் பேசவிடுங்கள். இட்லிக் கடை ஆயா, “குழந்தாய், இன்னும் இரண்டு உண்பாயாக” என்று சொல்ல வேண்டும். ‘என்றான்’ என்று எழுதினால் சொல்வளம் இல்லாதவர் என்று நினைப்பார்கள். “சட்னி இருக்கா?” என்று இயம்பினான், “தீர்ந்துபோச்சு” என்று நவின்றாள். கோபம் வந்தால் மூன்று ஆச்சரியக்குறி, அழுகை வந்தால் ஏழு புள்ளி.

அடுத்தது மேற்கோள்குறி. ஓலைச்சுவடியில் இந்தத் தொல்லை கிடையாது. மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்காதவர்கள் காற்புள்ளிக்கு எங்கே போவார்கள்? பேச்சு எங்கே முடிகிறது என்பதை ‘என்று’ ஒற்றை ஆளாக நின்று காட்டிக்கொடுத்தது. அச்சு வந்தது, 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பழக்கினார்கள். ‘என்று’ இருக்கும்போது குறி எதற்கு என்று நீங்கள் தாராளமாக விட்டுவிடலாம். எட்டாம் வகுப்பில் நானும் விட்டேன்.

‘மறக்க முடியாத நாள்’ என்ற கட்டுரை. கணக்கில் கோட்டைவிட்டு வந்த நாளைப் பற்றி, ‘அப்பா நான் முட்டாள் என்றார்’ என்று எழுதியிருந்தேன். பேச்சுத்தமிழில் இது யாரையும் குழப்பாது, முட்டாள் நான்தான். ஆனால் எங்கள் தமிழய்யா இலக்கணத்தில் கறார். நேர்கூற்று என்றால் குறி வேண்டும், அயற்கூற்று என்றால் ‘நான்’ என்பது ‘தான்’ ஆக வேண்டும், ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆக வேண்டும். சிவப்பு மையில் ஒரு காற்புள்ளி, இரண்டு பக்கமும் இரட்டை மேற்கோள்குறி:

அப்பா, “நான் முட்டாள்” என்றார்.

பக்கத்தில் ‘நன்று’ என்று ஒரு கையெழுத்து வேறு. கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு.

அன்று ராத்திரி நோட்டை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பேனாவை மூடினார்.

“இந்தக் குறியெல்லாம் யாருடா போட்டது?”